பிடிச்சிருக்கு... ஏன்னு கேக்காதீங்க!

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு எழுதிடறதுன்னு உக்காந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். காபி கீபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

விஷயம் இதுதான். நம்ம ஆளுங்ககிட்ட யாராவது "எனக்கு இது பிடிச்சிருக்கு"ன்னோ "பிடிக்கலை"ன்னோ சொன்னா, அடுத்த நொடி வர்ற கேள்வி "ஏன்?". புடவை, வீடு, சினிமா, மாப்பிள்ளை, எதுவானாலும் சரி. மனசுல இருக்கறதைத்தானே வெளிய எடுத்துக் காட்டச் சொல்றோம், இதுல என்ன தப்புன்னு நெனச்சுக்கறோம். என் கட்சி வேற. அந்தக் கேள்வி மனசுல இருக்கறதை எடுத்துக் காட்டறதில்லை. பல சமயம் அதை மாத்திடுது. சொல்ல வர்ற காரணம் எதுவோ அது ஜெயிச்சிடும். சொல்ல வராத பிடித்தம் ஓரமா ஒதுங்கிடும். அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

எங்க அக்கா வீட்டுக் கதையைச் சொல்றேன், புரியும். 2022ல, கொரோனா ஓய்ஞ்சு எல்லாரும் மூச்சு விட்ட நேரம், மேற்கு தாம்பரத்துல வாடகைக்கு இருந்தவங்க சொந்தமா ஃப்ளாட் வாங்கலாம்னு கிளம்பினாங்க. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர்னு மொத்தம் ஒம்பது வீடு பாத்தாங்க. மாமா கணக்கு வழக்குல கறார் பேர்வழி. ஒரு நோட்டுல கட்டம் போட்டு வெச்சிருந்தார். ஸ்டேஷன் தூரம், சதுர அடி, லிஃப்ட், கார் பார்க்கிங், போர் தண்ணி, பால்கனி... ஒவ்வொண்ணுக்கும் மார்க். கடைசியில கூட்டல்.

மாடம்பாக்கத்துல ஒரு வீடு. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உள்ள நுழைஞ்சு ஹாலைத் தாண்டி சமையக்கட்டுக்குப் போன அக்கா, "இதையே எடுத்துக்கலாங்க"ன்னு சொல்லிட்டா.

"ஏன்?"

"தெரியலை. நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? அதுக்கு நான் எந்தக் கட்டத்துல மார்க் போடறது?"

மாமாவைக் கொடுங்கோலன்னு நெனச்சுடாதீங்க. தங்கமான மனுஷன். நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். அக்காவும் நிஜமாவே யோசிச்சா. ஒரு வாரம் ரெண்டு பேரும் உக்காந்து பேசினாங்க. பேசப் பேச என்ன ஆச்சுன்னா, அக்காவே பெருங்களத்தூர் வீட்டைப் பத்தி நல்லதா நாலு சொல்ல ஆரம்பிச்சுட்டா. ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம், லிஃப்ட் இருக்கு, நாளைக்கு முட்டி வலி வந்தா கஷ்டமில்லை, மூடின கார் பார்க்கிங் (கார் கிடையாது, அது வேற விஷயம் :-)). பத்திரப் பதிவு அன்னிக்கு மாமாவை விட அக்காதான் சந்தோஷமா இருந்தா. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தலை. அவளுக்கே மனசு மாறிடுச்சு.

இப்போ மூணு வருஷம் ஆச்சு. நோட்டுல "பால்கனி - உண்டு"ன்னு எழுதியிருந்தது பொய் இல்லை. உண்டு. அங்க நின்னா எதிர் பில்டிங்கோட பாத்ரூம் பைப்பு நாலும் வரிசையா தெரியும். அக்கா அங்க துணி காயப்போட மட்டும்தான் போறா. போன மாசம் பேச்சுவாக்குல, "அந்த மாடம்பாக்கம் வீட்டு சமையக்கட்டு ஜன்னல்ல சாயங்கால வெளிச்சம் அப்படியே வந்து விழுந்துச்சுடா, அம்மா வீட்டு சமையக்கட்டு மாதிரி"ன்னு சொன்னா. மாமா பக்கத்துலதான் இருந்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னார். மூணு வருஷம் கழிச்சு வர்ற வார்த்தையை மூணு நாள்ல கேட்டா எங்கேர்ந்து வரும்?

இது ஏதோ எங்க வீட்டுப் பிரச்னைன்னு நெனச்சா, இல்லையாம். அமெரிக்காவுல டிமொதி வில்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர். அவரும் அவர் கூட்டாளிகளும் 1993ல வெளியிட்ட ஒரு ஆய்வு கிட்டத்தட்ட எங்க அக்கா கதையேதான். காலேஜ் பசங்களுக்கு சில போஸ்டர்களைக் காட்டினாங்க. சிலது மோனே, வான்கோ மாதிரி பெரிய ஓவியர்களோட படம். மத்தது சிரிப்புப் படம். பாதிப் பேரை, ஒவ்வொரு படமும் ஏன் பிடிச்சிருக்கு, ஏன் பிடிக்கலைன்னு காரணம் எழுதச் சொன்னாங்க. மீதிப் பேரை அப்படி எதுவும் கேக்கலை. அப்புறம் ஆளுக்கொரு போஸ்டர், பிடிச்சதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. காரணம் எழுதாத கூட்டத்துல கிட்டத்தட்ட எல்லாரும் ஓவியத்தை எடுத்தாங்க. காரணம் எழுதின கூட்டத்துல சிரிப்புப் படம் எடுத்தவங்க எண்ணிக்கை நல்லாவே ஏறிடுச்சு. ஏன்னா சிரிப்புப் படம் ஏன் பிடிச்சிருக்குன்னு சொல்றது சுலபம். மோனே படத்துல என்ன பிடிச்சிருக்குன்னு ஒரு சாதாரண ஆள் எப்படிச் சொல்லுவான்? முக்கியமான விஷயம் இனிமேதான். சில வாரம் கழிச்சு போன் பண்ணி, எடுத்துட்டுப் போன போஸ்டர்ல திருப்தியான்னு கேட்டாங்க. காரணம் எழுதிட்டு எடுத்தவங்களுக்குத்தான் திருப்தி கம்மி.

இதுக்கு முன்னாடி 1991ல அதே வில்சனும் ஜொனாதன் ஸ்கூலரும் ஜாம் வெச்சு ஒரு சோதனை பண்ணியிருந்தாங்க. ருசி பாக்கறதுல பயிற்சி உள்ளவங்க ஏற்கெனவே தரவரிசை போட்டு வெச்சிருந்த ஸ்ட்ராபெரி ஜாம்கள்ல நல்லது, சுமார், மட்டம்னு அஞ்சு எடுத்து மாணவர்களுக்குக் குடுத்தாங்க. சும்மா நக்கிப் பாத்து மார்க் போட்டவங்க ரசனை நிபுணர்கள் சொன்னதோட ஓரளவு ஒத்துப் போச்சு. காரணத்தை எழுதிட்டு மார்க் போட்டவங்களோடது கிட்டத்தட்ட ஒத்தே போகலை. நாக்குக்குத் தெரிஞ்சதை பேனா கெடுத்துடுச்சு.

அப்போ நாம சொல்ற காரணமெல்லாம் எங்கேர்ந்து வருது? இதுக்கும் ஒரு பழைய சோதனை இருக்கு. 1977ல நிஸ்பெட்டும் இதே வில்சனும் எழுதின கட்டுரையில வருது. மேஜை மேல நாலு ஜோடி காலுறை. நாலும் அச்சு அசலா ஒண்ணேதான். எது தரமானதுன்னு கேட்டா, நிறைய பேர் வலது ஓரத்துல இருந்ததைத்தான் கை காட்டினாங்க. ஏன்னு கேட்டா நெசவைப் பத்தி, துணியைப் பத்தியெல்லாம் காரணம் சொன்னாங்களே தவிர, "வலது பக்கம் இருந்துச்சு, அதனால"ன்னு ஒருத்தர் கூட வாயைத் தொறக்கலை. குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோட்டு துணிக்கடையில ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. "பார்டர் எடுப்பா இருக்கு", "கலர் நிக்கும்"னு வர்ற காரணங்கள்ல எத்தனை முன்னாடியே இருந்தது, எத்தனை சேல்ஸ்மேன் கேட்டதுக்காகப் பொறந்ததுன்னு யோசிங்க.

2005ல ஸ்வீடன்காரங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க. ரெண்டு முகத்தோட போட்டோவைக் காட்டி, எது அழகுன்னு கேட்டுட்டு, கைத்திறமையா போட்டோவை மாத்தி அவன் வேணாம்னு சொன்னதை அவன் கையிலயே குடுத்து, "இதை ஏன் எடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. பெரும்பாலானவங்க மாத்தினதைக் கண்டே பிடிக்கலை. தான் எடுக்காத போட்டோவுக்கு, தான் எடுத்த காரணத்தை விளக்கமா சொன்னாங்க! காரணம் சொல்றதுன்னா நம்ம வாய்க்கு அவ்வளவு சுலபம்.

சரி, ஃப்ளாட்டும் போஸ்டரும் போகட்டும். இதை இப்போ எழுத வெச்சது வேற.

ஒண்ணுவிட்ட அண்ணன் பொண்ணு. இருபத்தாறு வயசு, ஓஎம்ஆர்ல வேலை. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு வரன் வந்துச்சு. பையன் வீட்டுல எல்லாரும் மரியாதையான ஆளுங்க. ரெண்டு பேரும் தனியா ரெண்டு தடவை பேசினாங்க. பொண்ணு வந்து "வேணாம்பா"ன்னுட்டா. ஞாயித்துக்கிழமை வீட்டுல மாநாடு கூடிடுச்சு. அத்தை, பெரியம்மா, நான், எல்லாரும் ஆஜர்.

"என்ன குறை அந்தப் பையன்கிட்ட?"

"குறைன்னு ஒண்ணுமில்லை அத்தை."

"அப்புறம் என்ன? காரணம்னு ஒண்ணு சொல்லணும்ல?"

பாவம், அது யோசிச்சு யோசிச்சு ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுச்சு. ரொம்ப கம்மியா பேசறார்ன்னுச்சு. "உங்க மாமா கூடத்தான் பேசமாட்டார், நான் வாழலையா?" பெங்களூர் போகணும்னுச்சு. "அங்கயும் உனக்கு வேலை கிடைக்கும்." சிரிக்கவே மாட்டேங்கறார்ன்னுச்சு. "கல்யாணத்துக்கு அப்புறம் சிரிப்பான்." அரை மணி நேரத்துல எல்லாக் காரணத்தையும் ஆளுக்கொரு பக்கமா அடிச்சுக் கீழ தள்ளிட்டாங்க. காரணம் எல்லாம் விழுந்துடுச்சுல்ல, அப்போ "வேணாம்"ங்கறதும் விழுந்துடுச்சுன்னு அர்த்தமாம்! நான் குறுக்க போய், "அவ வேணாம்னா வேணாம், எதுக்குக் காரணம்?"னு கேட்டேன். பெரியம்மா என்னைத் திரும்பிப் பாத்து, "நீ ஏன் அப்படிச் சொல்றே, காரணம் சொல்லு"ன்னாங்க. என்னத்தைச் சொல்ல :-(

அதை விட என்னை உறுத்தினது, கிளம்பும்போது அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னதுதான். "யோசிச்சா நான் சொன்னதெல்லாம் சில்லறைக் காரணமாத்தான் இருக்கு, இல்ல சித்தப்பா? நான்தான் சரியா யோசிக்கலையோ?" காரணம் சில்லறையா இருக்கலாம். ஆனா அந்தச் சில்லறைக் காரணமெல்லாம் அவ "வேணாம்"னு சொன்னதுக்கு அப்புறம், நாம கேட்டதுக்காகத் தேடி எடுத்தது. ரெண்டு மணி நேரம் ஒருத்தர் எதிர்ல உக்காந்து பேசும்போது அவர் குரல், கண்ணு, சர்வர்கிட்ட நடந்துக்கிட்ட விதம், ஒரு கேள்விக்கு முன்னாடி விட்ட இடைவெளின்னு ஆயிரம் விஷயம் மனசுல பதிவாகியிருக்கும். அதுல மூணு தான் வார்த்தையா வெளிய வந்துச்சு. மூணையும் அடிச்சுட்டு, மொத்தத்தையும் ஜெயிச்ச மாதிரி எழுந்து போறோம். இன்னும் அந்த வரனுக்கு முடிவா பதில் சொல்லலை. பொண்ணு கொஞ்சம் டைம் கேட்டிருக்கா. எனக்குப் பயமே, எங்க அக்காவுக்கு நடந்த மாதிரி இவளுக்கும் மனசு மாறிடுமோன்னுதான். ஃப்ளாட்டாவது வித்துத் தொலைக்கலாம்.

"அப்போ யாரும் எதுக்கும் காரணமே சொல்லக் கூடாதா? விமர்சனம்னு நாம எழுதறதெல்லாம் என்ன?"ன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. இந்தச் சண்டை நம்ம ஊர்ல பெரிய ஆளுங்களுக்குள்ளயே நடந்திருக்கு. க.நா.சு.வும் சி.சு.செல்லப்பாவும், ரெண்டு பேரும் 1912ல பொறந்தவங்க, ரெண்டு பேருமே நல்ல இலக்கியத்துக்காக கைக்காசைக் கரைச்சவங்க. க.நா.சு. தேர்ந்த வாசகனோட ரசனையை நம்பினவர். இது நல்ல நாவல், இது இல்லைன்னு பட்டியல் போடுவார். ஏன்னு நீட்டி விளக்கறதுல அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. செல்லப்பாவுக்கு அது போதலை. 1959 ஜனவரியில "எழுத்து" பத்திரிகையை ஆரம்பிச்சு, படைப்பைப் பிரிச்சு அலசணும், ஏன் நல்லா இருக்குன்னு காட்டணும்னு நின்னார். 1970 வரைக்கும் அதை நடத்தினார். யார் சரின்னு இன்னிக்கும் நம்ம ஆளுங்க அடிச்சுக்கறாங்க.

என் பதில், ரெண்டு பேரும் சரி, ஆளைப் பொறுத்து. இதுக்கும் ஒரு ஆய்வு உண்டு (இதான் கடைசி, பயப்படாதீங்க). 1996ல மெல்ச்சர்னு ஒருத்தரும் நம்ம ஜாம் புகழ் ஸ்கூலரும் ஒயின் வெச்சுப் பண்ணினது. ஒயினோட ருசியை வார்த்தையில எழுதச் சொல்லிட்டு, அப்புறம் அதே ஒயினைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. அடிக்கடி குடிக்கறவங்க, ஆனா முறையா பயிற்சி இல்லாதவங்க, இவங்கதான் எழுதினதால குழம்பிப் போனாங்க. பயிற்சி எடுத்த நிபுணர்களுக்கு ஒண்ணும் ஆகலை. ஏன்னா அவங்க நாக்கும் வார்த்தையும் சேந்தே வளந்தது. செல்லப்பா மாதிரி வருஷக்கணக்கா ஒரே வேலையா உக்காந்தவருக்கு அலசல் ரசனையைக் கெடுக்காது, கூர் தீட்டும். நம்மள மாதிரி நடுவாந்தர ஆளுங்கதான் ஆபத்துல இருக்கோம். ருசி தெரியும், அதுக்கான வார்த்தை தெரியாது. குரோம்பேட்டையில செகண்ட் ஷோ பாத்துட்டு, இடைவேளைக்கு அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வெளிய வந்தவன், ராத்திரியே உக்காந்து விமர்சனம் எழுதறான். லாஜிக் ஓட்டையை எழுத வார்த்தை ரெடியா இருக்கு. கண்ணு ஏன் கலங்குச்சுங்கறதுக்கு இல்லை. எழுதி முடிக்கும்போது படம் சுமார்னு ஆயிடுது. அவனும் அதையே நம்பிடறான். நான் இப்பல்லாம் படம் பாத்து ஒரு வாரம் கழிச்சுதான் எழுதறது. அதுக்குள்ள மனசுல எது தங்குதுன்னு பாத்துட்டு.

காரணம் கட்டாயம் கேட்டே ஆகவேண்டிய இடமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இல்லாட்டி "மனசு சொல்லுது"ன்னு ஒரு கூட்டம் கிளம்பிடும்.

ஒண்ணு, விசாரிச்சா தெரிஞ்சுடற விஷயம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு பாத்து, மனசுக்குப் பிடிச்சுப் போய் அட்வான்ஸ் குடுத்தவங்க எத்தனையோ பேர். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை பெஞ்சு, அடையாறு ரெண்டு கரையும் மீறி, அந்தப் பக்கமெல்லாம் படகு விட்டு ஆளுங்களை மீட்டாங்க. ஆறு எவ்வளவு தூரம், தரை எவ்வளவு தாழ்வு, பட்டா யார் பேர்ல, இதெல்லாம் மனசுகிட்ட கேக்கற கேள்வி இல்லை. மாமாவோட நோட்டு இதுக்குத்தான் லாயக்கு. மாப்பிள்ளை விஷயத்துலயும் அப்படித்தான். வேலை, கடன், பழக்கம் எல்லாம் நல்லா விசாரிங்க. தகவல் சரியில்லைன்னா வேணாம்னு தள்ளுங்க. தகவல் சரியா இருக்குங்கறதுக்காக பிடிச்சே ஆகணும்னு சொல்லாதீங்க.

இன்னொண்ணு, நம்ம பிடித்தம் அடுத்தவன் வயித்துல அடிக்கற இடம். வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்களுக்குத் தெரியும். போன்ல "காலியா இருக்கு, வாங்க"ன்னு சொல்லிட்டு, நேர்ல போனா பேரைக் கேப்பாங்க, ஊரைக் கேப்பாங்க, சாப்பாட்டைக் கேப்பாங்க, அப்புறம் "இல்லைங்க, வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டார்". அந்த வீட்டுக்காரர்கிட்ட "ஏன் சார்?"னு கேக்கணும். அழுத்திக் கேக்கணும். வேலைக்கு ஆள் எடுக்கறவர்கிட்ட, மார்க் போடற வாத்தியார்கிட்ட கேக்கணும். "ஏதோ மனசுக்கு ஒத்து வரலை"ங்கற பதிலை அங்க ஏத்துக்கவே கூடாது.

ஆனா வேடிக்கையைப் பாருங்க. அந்த வீட்டுக்காரர்கிட்ட நாம யாரும் காரணம் கேக்கறதில்லை. "சரிங்க சார்"னு படி இறங்கிடறோம். இருபத்தாறு வயசுப் பொண்ணுகிட்ட, தான் யாரோட வாழணும்ங்கற ஒரே விஷயத்துக்கு, நடுவீட்டுல உக்கார வெச்சு கேக்கறோம். அதிகாரம் இருக்கறவன்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். நம்ம ஊர்ல அது தலைகீழா நடக்குது. கேக்கறவங்க பெரும்பாலும் பதில் தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கறதில்லை, தோக்கடிக்கறதுக்காகக் கேக்கறாங்க.

அதனால மக்களே, நான் சொல்றது ரொம்ப சிம்பிள். விசாரிக்க வேண்டியதை முதல்ல விசாரிச்சு முடிங்க. அதுக்கப்புறம் பிடிச்சிருக்கா இல்லையான்னு மட்டும் கேளுங்க. பதில் வந்ததும் நிறுத்திக்குங்க. ஒரு வாரம் விட்டு அதே கேள்வியை இன்னொரு தடவை, காரணம் கேக்காம, கேளுங்க. ரெண்டு தடவையும் ஒரே பதில் வந்தா அதுக்கு மேல ஆதாரம் எதுக்கு? வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில ஒரு பழைய ஓடாத ரேடியோவைத் தூக்கிட்டுப் போறவரைப் பாத்து யாராவது காரணம் கேக்கறாங்களா? கடைக்காரர் கூட கேக்கறதில்லை. ஓடாத ரேடியோவுக்குக் குடுக்கற மரியாதையை வீட்டுப் பொண்ணு வாயிலேர்ந்து வர்ற ஒரு "வேணாம்"க்குக் குடுக்கலாம்.

அண்ணன்கிட்ட இதை அப்படியே சொல்லியிருக்கேன். யோசிக்கறேன்னு சொல்லியிருக்கார். அந்தப் பொண்ணுகிட்டயும் ஒண்ணு சொல்லியிருக்கேன்: "அடுத்த தடவை கேட்டா 'வேணாம்'னு மட்டும் சொல்லும்மா. காரணம்னு ஒண்ணையும் எடுத்துக் குடுக்காதே. எடுத்துக் குடுத்தா அதைத்தான் அடிப்பாங்க."

உங்க வீட்டுல எப்படி? பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. பதிவு பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு தாராளமா போடுங்க. ஏன்னு சத்தியமா கேக்க மாட்டேன் :-)